கையெழுத்திட ஒருவர்: சிஞ்ச்வட் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர்

ஆண்டுதோறும் ஜூன் நடுப்பகுதி தொடங்கிச் செப்டம்பர் வரை புனே மாவட்டத்தின் பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதிக்கு வந்திறங்கும் வெளியூர்க் கல்லூரி மாணவர்களுடன், குறிப்பாக முதலாண்டு மாணவர்களுடன், தந்தையோ தாயோ, அவர்களால் இயலாதபோது தாய்மாமனோ சித்தப்பாவோ உடன் வருவது எழுதப்படாத விதியாக இருந்துவருகிறது. இதைப் பிள்ளையைப் பிரிய மனமில்லாத பாசம் என்று சிலரும், வளர்ந்த பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் நடுத்தர வர்க்கத்துப் பழக்கம் என்று சிலரும் விளக்குகின்றனர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் சேர்க்கை நடைமுறை, வங்கிக் கடன், வாடகைச் சட்டம், ராகிங் தடுப்பு விதிகள் ஆகிய அனைத்துமே மாணவரோடு வயதுவந்த இன்னொருவர் வந்து கையெழுத்திடுவார் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொண்டு எழுதப்பட்டவை என்பதையும், அந்த ஒருவர் வராவிட்டால் படிப்பு தொடங்குவதே சிக்கலாகிவிடும் என்பதையும் இவ்விரு விளக்கங்களும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த ஏற்பாட்டைக் கவனிக்கச் சிஞ்ச்வட் பொருத்தமான இடமாக இருப்பதற்குக் காரணம், அது வந்தேறிகளால் உருவான நகரம் என்பதே. பவனா ஆற்றங்கரையில் கணபதி அடியாரான மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலைச் சுற்றி வளர்ந்த சிற்றூராகவும், 1897இல் புனேயின் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்ட சாபேகர் சகோதரர்களின் சொந்த ஊராகவும் மட்டுமே அறியப்பட்டிருந்த இவ்வூரின் அருகே, 1954இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற பொதுத்துறை மருந்து ஆலை எழுந்தது; 1962இல் நிறுவப்பட்ட மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் சுற்றியிருந்த நிலங்களைத் தொழிற்பேட்டையாக்கியது; டாடாவும் பஜாஜும் பெரிய வாகன ஆலைகளை நிறுவின. 1970இல் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி ஆகிய நான்கு ஊர்களை இணைத்து நகராட்சியும், 1982இல் மாநகராட்சியும் அமைந்தன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 10.1 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011இல் 17.3 லட்சத்தை எட்டியது.

கல்லூரிகள் ஆலைகளுக்குப் பின்னால் வந்தன. அரசு மானியம் பெறாத தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு மகாராஷ்டிர முதலமைச்சர் வசந்த்தாதா பாட்டீல் 1983இல் கதவைத் திறந்துவிட, அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளை அனுமதித்தது. அந்த அலையின் தொடர்ச்சியாகவே ஆகுர்டியிலும் பிம்ப்ரியிலும் டி.ஒய். பாட்டீல் பெயர் தாங்கிய கல்லூரிகளும், 1999இல் நிக்டி பிராதிகரணில் பிம்ப்ரி சிஞ்ச்வட் பொறியியல் கல்லூரியும் தோன்றின. பிராதிகரண் என்பது 1972இல் ஏற்படுத்தப்பட்ட புதுநகர் வளர்ச்சி ஆணையம் மனைபிரித்து விற்ற குடியிருப்புப் பகுதி. ஆலைத் தொழிலாளர்களின் வீட்டுவசதிக்கெனத் திட்டமிடப்பட்ட அந்தத் தெருக்களில் இன்று மாணவர் விடுதிப் பலகைகளும் ‘டப்பா’ எனப்படும் வீட்டுச் சாப்பாட்டு விளம்பரங்களும் அடுத்தடுத்துத் தொங்குகின்றன.

வெளியூர் மாணவர்களில் தமிழ்நாட்டினர் பயன்படுத்தும், சென்னையிலிருந்து இங்கு வரும் ரயில்பாதை பழமையானது. பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து சென்ற பாதையும் 1871இல் ராய்ச்சூரில் இணைந்தது முதல், அரக்கோணம், ரேணிகுண்டா, குந்தக்கல், ராய்ச்சூர், வாடி, சோலாப்பூர், தவுண்ட் வழியாகச் சுமார் 1,090 கிலோமீட்டர் கடந்து புனேயை அடைவதே வழக்கமான தடமாக இருக்கிறது. கொங்குப் பகுதியினருக்குச் சேலம், பெங்களூரு வழியாகச் செல்லும் கோயம்புத்தூர் – லோகமான்ய திலக் விரைவு ரயில் உண்டு. புனேயில் இறங்கியோர் லோனாவளா செல்லும் புறநகர் ரயிலில் சிவாஜிநகர், கட்கி, தாபோடி, காசர்வாடி, பிம்ப்ரி தாண்டிச் சிஞ்ச்வட்டிலோ, கல்லூரிகளுக்கு இன்னும் நெருக்கமான ஆகுர்டியிலோ இறங்குவர். 2022 மார்ச்சில் முதற்கட்டமாகத் தொடங்கிய மெட்ரோ, பிம்ப்ரியில் உள்ள மாநகராட்சி நிலையத்தோடு நின்றுவிட, அதை நிக்டி வரை நீட்டிப்பதற்கு 2023 அக்டோபரில்தான் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

பயணத்தின் முதல் சிக்கல் பயணச்சீட்டு. ரயில்வேயின் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாள்; ஆனால் மகாராஷ்டிரத்தின் ‘கேப்’ எனப்படும் மையப்படுத்தப்பட்ட சேர்க்கை முறையில், ஒரு சுற்றின் ஒதுக்கீட்டு முடிவு வெளியானபின் இடத்தை ஏற்றுக் கல்லூரியில் நேரில் சேர்வதற்குக் கிடைப்பது ஒருசில நாள்களே. எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்பதே தெரியாத நிலையில் இரண்டு மாதம் முன்பே சீட்டு எடுக்க யாராலும் முடியாது. ஆகவே முதலாண்டு மாணவரின் குடும்பம் தத்கால் சாளரத்தையே நம்பியிருக்கிறது. பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புக்கும் 11 மணிக்குச் சாதாரணப் படுக்கை வகுப்புக்கும் திறக்கும் அந்தச் சாளரம் சில நிமிடங்களில் நிரம்பிவிடுவதால், தந்தைக்கும் மகளுக்கும் வெவ்வேறு பெட்டிகளில் இடம் கிடைப்பதும், அதுவும் வாய்க்காதபோது ஆம்னி பேருந்தில் ஏறி வாகட்டில் நெடுஞ்சாலையோரம் இறங்குவதும் நடக்கின்றன. சேர்க்கை அட்டவணையை வகுப்போரும் ரயில் அட்டவணையை வகுப்போரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்றே தோன்றுகிறது.

கோப்புக்குள் இருக்கும் குடும்பம்

பெற்றோர் தோள்பையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வருவது பிளாஸ்டிக் கோப்பு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், தமிழ்நாட்டில் டி.சி. என்றும் மகாராஷ்டிரத்தில் லீவிங் சர்டிபிகேட் என்றும் வழங்கும் மாற்றுச் சான்றிதழ், நுழைவுத் தேர்வு மதிப்பெண் அட்டை, ஒதுக்கீட்டு ஆணை, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு ஜெராக்ஸ் என அது கனக்கிறது. 2014 வாக்கில் சுயசான்றொப்பம் பரவலாக ஏற்கப்பட்டபின், பச்சை மையில் கையெழுத்திடும் கெஜட்டட் அதிகாரியைத் தேடி அலையும் வேலை குறைந்தது. டிஜிலாக்கர் வழியே வழங்கப்படும் ஆவணங்கள் மூல ஆவணங்களுக்கு நிகரானவை என்று சட்டமும் சொல்லிவிட்டது. இருந்தும் கோப்பு மெலியவில்லை. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி அவற்றைத் தன்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்ததைத் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோர், கோப்பைக் கவுன்டரில் நீட்டிவிட்டு அது திரும்பிவரும் வரை அங்கிருந்து நகர்வதில்லை.

இந்தக் கோப்பில் மாணவருடைய தகுதியைக் காட்டும் தாள்களைவிடப் பெற்றோரின் வாழ்க்கையைக் காட்டும் தாள்களே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது மகாராஷ்டிரச் சேர்க்கை விதிகளைப் படித்தால் புலப்படும். பொறியியல் சேர்க்கையில் விண்ணப்பதாரர்கள் ‘டைப்’ என்ற பெயரில் வகைப்படுத்தப்படுகின்றனர். பத்தையும் பன்னிரண்டையும் மகாராஷ்டிரத்தில் முடித்து, அம்மாநிலத்தில் பிறந்தவராகவோ இருப்பிட உரிமை பெற்றவராகவோ இருப்பவர் ‘ஏ’ வகை. அவ்வாறு படிக்காவிட்டாலும் தாமோ தாய் தந்தையருள் ஒருவரோ இருப்பிட உரிமை பெற்றிருந்தால் ‘பி’ வகை. பெற்றோர் மத்திய அரசுப் பணியில் மகாராஷ்டிரத்தில் அமர்த்தப்பட்டிருந்தால் ‘சி’. மாநில அரசுப் பணியில் இருந்தால் ‘டி’. கட்கியில் 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையும் தேஹு ரோடு ராணுவத் தளவாடக் கிடங்கும் பல தமிழ்க் குடும்பங்களை இப்பகுதிக்குக் கொண்டுவந்தவை. அத்தகைய குடும்பத்தின் பிள்ளை ஊரில் தாத்தா வீட்டில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்திருந்தாலும், தந்தையின் பணிச் சான்று ஒன்றே அவரை மகாராஷ்டிர மாணவராக்கிவிடும். தனியார் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் பிள்ளைக்கு அந்த வழி இல்லை; மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டு வசித்ததைக் காட்டி இருப்பிடச் சான்று பெற வேண்டும், அல்லது ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணைக் கொண்டு அகில இந்திய ஒதுக்கீட்டில் போட்டியிட வேண்டும்.

சாதிச் சான்றின் நிலை இன்னும் கடுமையானது. ஆந்திரத்தில் பழங்குடியினராக அறிவிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவர், தந்தையின் பொதுத்துறைப் பணி காரணமாகப் பம்பாயில் வளர்ந்து, அங்குள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கோரியபோது, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு அவருக்கு மறுக்கப்பட்டது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி அல்லது பட்டியல் பழங்குடி எனப்படுவோர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. பிழைப்புக்காகத் தந்தை மேற்கொண்ட பயணத்தின் விலையைப் பிள்ளை செலுத்த நேர்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தீர்ப்பு வேறில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் பட்டியல் சாதி மாணவர் சொந்த மாநிலத்தில் எவ்வளவு உறுதியான சான்று வைத்திருந்தாலும், சிஞ்ச்வட் கல்லூரி அலுவலகத்தில் மாநில ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை அது வெறும் தாளே.

பெயரும் ஒரு சிக்கல். மராத்தியர் தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று பகுதிகளாக எழுதுவதால் படிவங்களும் மூன்று கட்டங்களோடு அச்சாகின்றன. இனிஷியல் மட்டும் உள்ள தமிழ் மாணவர் குடும்பப் பெயருக்கான கட்டத்தை நிரப்பத் தந்தையின் பெயரை அங்கே போட, தந்தை பெயருக்கான கட்டத்தில் அதே பெயர் மறுபடி ஏறுகிறது. முதல் நாள் செய்யும் இந்த ஏற்பாடு பட்டச் சான்றிதழ் வரை தொடரும் என்பதால், ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் பார்ப்பது பெரும்பாலும் தாய்தான்.

துணையாளர் என்னும் பதவி

மாணவருடன் ஒருவர் வருவதைத் தமிழ்நாட்டு அரசு நெடுங்காலமாகவே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1997 முதல் நடைபெற்ற ஒற்றைச் சாளரப் பொறியியல் கலந்தாய்வுக்காக அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு மாநிலத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் மாணவர்கள் நேரில் வந்தனர். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் உடன்வரும் ஒருவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம் என்ற சலுகை இருந்தது. திரையில் கல்லூரிப் பெயர்களும் எஞ்சிய இடங்களும் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டிருக்க, அப்பாவும் பிள்ளையும் தாழ்ந்த குரலில் விவாதித்து ஒரு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்த அந்தக் கூடங்கள், 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியபோது வழக்கொழிந்தன.

அதே 2018ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி நடந்த நீட் தேர்வு, துணைப் பயணத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்குக் கேரளத்திலும் ராஜஸ்தான் போன்ற தொலைதூர மாநிலங்களிலும் தேர்வு மையங்கள் ஒதுக்கப்பட, மாணவருக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணமும் ஆயிரம் ரூபாயும் தருவதாக மாநில அரசு அறிவித்தது. திருவாரூர் மாவட்டத்திலிருந்து மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துச் சென்ற தந்தை ஒருவர், மகன் தேர்வறைக்குள் இருந்த நேரத்தில் மாரடைப்பால் இறந்தார். தேர்வு முடிந்து வெளியே வந்த பிறகே மகனுக்குச் செய்தி தெரிந்தது. தேர்வு மையங்களை ஒதுக்கும் கணிப்பொறிக்கு மாணவரின் விண்ணப்ப எண் தெரியும், உடன்வருபவரின் வயதோ உடல்நிலையோ தெரியாது என்று அன்று எழுந்த வாதம் இன்றும் பொருந்தும்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, பெண்கள் கல்லூரிக்குள் நுழைவதற்குத் தந்தையின் துணையே நிபந்தனையாக இருந்த காலம் ஒன்று உண்டு. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களிடையே தனி மாணவியாகச் சேர்ந்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டிக்கு, கல்வியாளரான தந்தை நாராயணசாமி ஐயரின் விடாப்பிடியான முயற்சியும் மன்னரின் அனுமதியும் தேவைப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் விடுதிப் படிவங்களில் மகனுக்கும் மகளுக்கும் உள்ள வேறுபாடு முற்றிலும் மறையவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை வெளியே செல்லத் தந்தை தொலைபேசியில் ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்கும் விடுதிகள் பல ஊர்களில் இருக்கின்றன. 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகியபோதுதான், விதி இருபாலருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற அரசாணை அம்மாநிலத்தில் பிறந்தது.

ஒரு கொலையும் ஓர் உறுதிமொழிப் பத்திரமும்

சேர்க்கை நாளில் பெற்றோர் இடும் கையெழுத்துகளில் வரலாற்றுக் கனம் மிகுந்தது ராகிங் தடுப்பு உறுதிமொழியில் இடும் கையெழுத்து. மூத்த மாணவர்கள் புதியவர்களைக் கேலி என்ற பெயரில் உடலாலும் மனத்தாலும் வதைப்பதே ராகிங் எனப்படுவது. 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமி. ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவராலேயே தம் மகனை இன்னொரு பல்கலைக்கழகத்தின் விடுதியில் காப்பாற்ற முடியவில்லை என்பது தமிழ்நாட்டுப் பெற்றோரை உலுக்கியது. 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. மகாராஷ்டிரம் 1999இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நாவரசு வழக்கில் கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998இல் விதித்த தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2001இல் நீக்க, 2011இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது.

மாநிலச் சட்டங்கள் குற்றத்துக்குப் பிந்தைய தண்டனையைப் பேசின. உச்ச நீதிமன்றம் அமைத்த ராகவன் குழுவின் பரிந்துரைகளும், 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரூ அடித்துக் கொல்லப்பட்ட நிகழ்வும் அதைத் தாண்டிச் செல்ல வழிவகுத்தன. அவ்வாண்டு ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள், மாணவர் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் தனியே ஓர் உறுதிமொழிப் பத்திரமும் தர வேண்டும் என்றும், விடுதியில் தங்க விரும்புவோர் கூடுதலாக மற்றொன்றைப் பெற்றோர் கையெழுத்துடன் தர வேண்டும் என்றும் விதித்தன. முதலாண்டோடு இது முடிவதில்லை. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் புதுப்பிக்க வேண்டும். முத்திரைத்தாளுடன் நோட்டரியிடம் ஓடிய வேலை பிறகு இணையப் படிவமாகச் சுருங்கியது என்பது மட்டுமே மாற்றம்.

அவ்விதிகளில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. கல்வியாண்டின் இறுதியில், முதலாண்டை நிறைவுசெய்யும் மாணவர்களின் பெற்றோருக்குக் கல்வி நிறுவனத் தலைவர் கடிதம் எழுதி, விடுமுறை முடிந்து திரும்பும்போது தம் பிள்ளை ராகிங்கில் ஈடுபடாதிருக்க அறிவுறுத்துமாறு கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அது. முதலாண்டில் பாதிக்கப்படக்கூடியவரின் தந்தையாக உறுதிமொழியில் கையெழுத்திட்டவர், இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் அதே படிவத்தில் பாதிப்பு ஏற்படுத்தக்கூடியவரின் தந்தையாகக் கையெழுத்திடுகிறார் என்பதை இவ்விதியை எழுதியவர்கள் உணர்ந்திருந்தனர். இந்தியக் கல்வி நிர்வாகத்தில் இவ்வளவு நுட்பமான உளவியல் அவதானிப்பு அபூர்வம். அந்தக் கடிதம் ஒழுங்காக அனுப்பப்பட்டு, கோடை விடுமுறையில் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சும் நடந்தால், இரண்டாமாண்டுக்குத் திரும்பும் பயணத்தில் பெற்றோர் உடன் வராவிட்டாலும் அவர் செய்ய வேண்டியதைச் செய்தவராவார்.

பதினேழு வயதின் சட்டம்

பெற்றோர் கையெழுத்தின் இன்னொரு வேர் வயதில் இருக்கிறது. 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 நிறைந்தவரே வயதுவந்தவர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் அதற்குக் குறைந்தவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சில் மோகோரி பீபி வழக்கில் தீர்த்துச் சொன்னது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரி வாசலுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பான்மையினருக்கு வயது 17 அல்லது 18. ஆகவே வங்கியும் வீட்டு உரிமையாளரும் அந்தப் பிள்ளையோடு நேராக ஒப்பந்தம் செய்ய முடியாத சில மாதங்களுக்குள்தான் முதலாண்டுச் சேர்க்கை அமைகிறது. அடுத்த ஆண்டே வாக்களிக்கும் உரிமை பெற்றுவிடும் ஒருவர், வாடகை அறைக்கு மட்டும் தந்தையைக் காட்ட வேண்டியிருப்பது முரணாகத் தோன்றினாலும், சட்டத்தின் கணக்கில் அது சரியே.

கடனில் இந்தக் கையெழுத்து வயதைத் தாண்டியும் நீடிக்கிறது. 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை என்றாலும், பெற்றோர் கூட்டுக் கடனாளியாகச் சேர வேண்டும்; அதாவது மாணவர் திருப்பிச் செலுத்தத் தவறினால் வங்கி தந்தையைக் கேட்கும். படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு தொடங்கும் தவணைகள் 15 ஆண்டு வரை நீளலாம் என்பதால், ஐம்பது வயதில் கையெழுத்திடும் தந்தை ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவர்.

அறை தேடும் படலத்தில் பெற்றோரின் பங்கு கண்கூடானது. கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காதோர், அல்லது மூத்தோர் சொல்கேட்டு விடுதியை விட்டு வெளியேறுவோர், சிஞ்ச்வட், ஆகுர்டி, நிக்டிப் பகுதிகளில் ‘காட் பேசிஸ்’ முறையில் தங்குகின்றனர். அறைக்கு வாடகை என்றில்லாமல் ஒரு கட்டிலுக்கு இவ்வளவு என்று பேசும் முறை அது. மூன்று கட்டில் போட்ட அறையில், ஜன்னலோரக் கட்டிலா கதவோரக் கட்டிலா என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, தாய் குழாயைத் திறந்து தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறார், கீசர் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார், அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்க்கிறார்; தந்தை டிபாசிட்டில் எவ்வளவு பிடித்தம் போகும் என்பதை மறுபடி மறுபடி உறுதிசெய்துகொள்கிறார். நண்பர்கள் சேர்ந்து வீடெடுக்கும்போது ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ எனப்படும் உரிம ஒப்பந்தம் தேவை. குடியிருக்க அனுமதி தருமேயன்றிக் குத்தகை உரிமை எதையும் தராத இவ்வொப்பந்தம், வழக்கத்தில் 11 மாதத்துக்கு எழுதப்படுகிறது. 11 மாதம் என்றால் பதிவு தேவையில்லை என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலிருந்து வருவோரிடம் வலுவாக இருக்கிறது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999இன் 55ஆம் பிரிவோ எந்தக் காலத்துக்கானதாயினும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும், பதிவுசெய்யும் பொறுப்பு உரிமையாளருடையது என்கிறது. பதிவாகாவிட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே ஏற்கப்படும். டிபாசிட் தகராறில் மாணவருக்குக் கைகொடுக்கக்கூடிய இவ்விதியைத் தரகர்கள் எடுத்துச் சொல்வதில்லை.

பிறகு கடைவீதி. மெத்தை, வாளி, மக், கொசுவலை, நீள ஒயர் கொண்ட பிளக், மழைக்கோட்டு ஆகியவற்றை வாங்கப் பெரும்பாலோர் செல்லும் பிம்ப்ரி கேம்ப், தேசப் பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியமர்த்தப்பட்ட முகாமிலிருந்து வளர்ந்த சந்தை. அந்த மழைக்கோட்டு தேவைதான்: சேர்க்கைக் காலமும் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. பவனா அணையிலிருந்து நீர் திறக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாள்களில் மோரயா கோசாவி கோயிலுக்குள் ஆறு புகுந்துவிடும். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம் என்று எண்ணி வரும் தமிழ்க் குடும்பங்கள் அப்போது படித்துறைக்கு மேலேயே நின்று கைகூப்பித் திரும்ப வேண்டியிருக்கும். மூத்த ஆண்டு மாணவர்கள் திரும்பும் ஜ்யேஷ்ட மாதத்தின் பிற்பகுதியில் துகாராமின் பல்லக்கு தேஹுவிலிருந்து புறப்பட்டு ஆகுர்டி விட்டல் கோயிலில் இரவு தங்குவதால், அன்று பழைய மும்பை – புனே சாலையில் ஆட்டோ கிடைப்பது அரிது. தெரிந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறநகர் ரயிலிலேயே ஆகுர்டி வரை வந்துவிடுவர்.

வர இயலாதவர்கள்

உடன்வருவதற்கு விடுப்பு வேண்டும், கூலி இழப்பைத் தாங்க வேண்டும், இருவருக்கான பயணச் செலவும் லாட்ஜ் வாடகையும் வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு இது நான்கு நாள் விடுப்பு. நாட்கூலிக்காரருக்கு நான்கு நாள் பட்டினிக்குச் சமம். கரும்பு வெட்டும் பருவத்தில் ஊர் ஊராகச் செல்லும் பீட் மாவட்டத்துத் தொழிலாளியும், திருப்பூர் பனியன் ஆலையில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்ப்பவரும் தம் பிள்ளையைச் சிஞ்ச்வட் கல்லூரி வாசல் வரை அழைத்துவருவது எளிதன்று. 2024 ஜூலையில் மகாராஷ்டிர அரசு, ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் குறைந்த, பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கிய பிரிவுப் பெண்களின் தொழிற்கல்விக் கட்டணத்தை முழுமையாக ஏற்க முன்வந்தது வரவேற்கத்தக்கது. எனினும் கட்டணம் தீர்ந்தபின் எஞ்சும் பயணம், டிபாசிட், உத்தரவாதக் கையெழுத்து ஆகியவற்றை எந்தத் திட்டமும் தொடுவதில்லை.

பெற்றோரே இல்லாதவர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. அனாதைப் பிள்ளைகளுக்குக் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் 1 சதவீதம் ஒதுக்கீடு வழங்க மகாராஷ்டிர அரசு 2018இல் ஆணையிட்டது. அந்த ஒதுக்கீட்டில் இடம்பெற்று வரும் மாணவர் அடுத்ததாக நிரப்பும் விடுதிப் படிவத்திலும் உறுதிமொழிப் பத்திரத்திலும் கடன் விண்ணப்பத்திலும் பெற்றோர் கையெழுத்துக்கான கட்டம் அப்படியே காத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் காப்பகத்திலிருந்து வெளியேறுவோருக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி கிடைக்க வழிசெய்திருந்தாலும், காப்பகக் கண்காணிப்பாளர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் வேறு மாவட்டத்துக் கல்லூரிக்கு வந்து கையெழுத்திடுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. ராகிங் தடுப்பு விதிகளில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்றே இருப்பதால், இதற்குப் புதிய சட்டம் தேவைப்படாது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் கொண்டுவந்த மூன்று வார அறிமுகப் பயிற்சித் திட்டத்தின்படி ஏறத்தாழ இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக அமர்த்தப்படுகிறார். துணையின்றி வரும் மாணவரின் விடுதிப் படிவத்திலும் உறுதிமொழியிலும் அந்த ஆசிரியரே பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்திடக் கல்லூரி நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். கடன் விண்ணப்பத்துக்கு மட்டும் வங்கிகள் தனியே வழி காண வேண்டும்.